'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்': சாவுதோறும் வரும் அந்த ஒரு வரி

பழுப்புப்பக்கம்:
அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட்டின் இந்தப் போர் நாவலை (1969) நேற்றுதான் முடித்தேன். யார் செத்தாலும் உடனே 'அப்படித்தான் போகிறது' என்று ஒரு வரி. எண்ணியவர்கள் 106 முறை என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது போர்க்கைதியாக அங்கே இருந்தவர் இவர். இடிபாடுகளிலிருந்து பிணங்களை எடுத்தவர். அவரே இப்படிக் கைகழுவலாமா? குண்டு போட்டவனும் இதையே சொல்லிவிட்டுப் போகலாமே!

மழைக்குருவி:
அது யார் பேச்சு என்று பாருங்கள். டிரால்ஃபமடோர் என்ற கற்பனைக் கிரகத்தின் வாசிகள் சொல்வதாக நாவலின் நாயகன் பில்லி பில்கிரிம் எழுதுகிறான். செத்தவன் வேறொரு கணத்தில் நன்றாகவே இருக்கிறான் என்பது அவர்கள் நம்பிக்கை. பில்லி பிடித்துக்கொண்ட ஆறுதல் அது. வானகட்டின் தீர்ப்பு இல்லை.

பழுப்புப்பக்கம்:
அப்படியானால் முதல் அத்தியாயம்? அங்கே பேசுவது வானகட்தான், அங்கேயும் அந்த வரி வருகிறது. கடைசி அத்தியாயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடிக்கும், சொந்த அப்பாவுக்கும் அதே வரி.

மழைக்குருவி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே முதல் அத்தியாயத்தில் பைபிள் கதையின் லோத்தின் மனைவி வருகிறாள். எரியும் ஊரைத் திரும்பிப் பார்த்து உப்புத் தூண் ஆனவள். திரும்பிப் பார்த்ததற்காகவே அவளைப் பிடிக்கும் என்று வானகட் சொன்ன பிறகுதான் அந்த வரி. இழவு வீட்டில் நாமும் 'நம்ம கையில் என்ன இருக்கு' என்கிறோம். துக்கம் இல்லாமலா சொல்கிறோம்?

திண்ணைவாசகி:
என் உறுத்தல் வேறு. நுரை அடங்கிய ஷாம்பெயினுக்கும், செத்த பேனுக்கும் அதே வரி. இடிபாட்டில் ஒரு தேநீர்க் கெண்டியை எடுத்ததற்காகச் சுடப்படும் பள்ளி ஆசிரியர் எட்கர் டெர்பிக்கும் அதேதான். எல்லாச் சாவையும் ஒரே அளவாக்குவது போர் செய்கிற வேலை. அதை அந்த வரி என்னிடமே செய்து காட்டியது. டெர்பி சாகும்போது நான் நிற்காமல் அடுத்த வரிக்குப் போயிருந்தேன். பயந்துபோய்த் திரும்பிவந்து படித்தேன்.

பழுப்புப்பக்கம்:
டெர்பியிடம் நானும் நின்றேன். ஆனால் பில்லியின் அலுவலகச் சுவரில் ஒரு பிரார்த்தனை தொங்குகிறதே: மாற்ற முடியாததை ஏற்கும் அமைதி வேண்டும், முடிந்ததை மாற்றும் துணிவு வேண்டும் என்று. உடனே, அவனால் மாற்ற முடியாதவை கடந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்கிறார் வானகட். அப்புறம் கடைசி அத்தியாயத்தில் வரும் வியட்நாம் போரின் பிணக் கணக்கைக் கேட்டு யார்தான் என்ன செய்ய முடியும்?

மழைக்குருவி:
மாற்ற முடியாது என்பது பில்லிக்கு. வானகட் தன் மகன்களிடம் படுகொலை எதிலும் பங்கேற்காதீர்கள், அதற்கான கருவி செய்யும் கம்பெனியில் வேலைக்கும் போகாதீர்கள் என்று சொன்னதை எழுதியிருக்கிறார். எதுவும் மாறாது என்று நினைக்கிறவர் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்வாரா?

பழுப்புப்பக்கம்:
அந்த இடத்தை வேகமாகக் கடந்துவிட்டேன் போல. இன்றிரவு மறுபடி படிக்கிறேன். ஷாம்பெயினை மட்டும் இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.