ஹிமாலயன் டேஷ்போர்டுல போன், சார்ஜர், டிபிஎம்எஸ், ஃபாக் லைட் சுவிட்ச் எல்லாத்தயும் எங்க மாட்றது?

காட்பாடி பையன்:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பைக் இருக்கு, நாலு வருஷமா ஏலகிரி, ஜவ்வாது மலைன்னு பக்கத்துலயே சுத்திட்டு இருந்தேன், இந்த டிசம்பர்ல நம்ம ஊர் வழியா போற அதே என்எச் 48ஐ புடிச்சு அகமதாபாத் வரைக்கும் போய் அங்கருந்து குஜராத்லயே இருக்கற கட்ச் பக்கம் போகலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி போன் மவுண்ட், யூஎஸ்பி சார்ஜர், டயர் காத்து காட்ற டிபிஎம்எஸ் டிஸ்ப்ளே, புதுசா போடப்போற ரெண்டு ஃபாக் லைட்டுக்கு சுவிட்ச், இவ்ளோவும் முன்னாடி வரணும்.

போன வாரம் அட்டைய அந்தந்த சைஸுக்கு வெட்டி செல்லோ டேப் போட்டு ஒட்டிப் பாத்தேன். நடுவுல போன் வச்சா பெட்ரோல் முள்ளு மறைஞ்சிடுது, இடது பக்கம் வச்சா ஹேண்டில் முழுசா திருப்பறப்ப க்ளட்ச் கேபிள்ல இடிக்குது, கொஞ்சம் கீழ எறக்கினா சாவி போடவே கை நுழைய மாட்டேங்குது. உங்க வண்டியில எது எங்க இருக்குன்னு சொல்லுங்க.

இன்னொண்ணு, இப்ப இருக்கற சார்ஜர ஒரு கடையில நேரா பேட்டரியிலேயே குடுத்துட்டாங்க. அம்மாவுக்கு உடம்பு முடியாம ஆஸ்பத்திரியில இருந்தப்போ வண்டிய 12 நாள் எடுக்கல, வந்து செல்ஃப் அடிச்சா டிக் டிக்னு சத்தம் மட்டும்தான். ராத்திரி பதினொரு மணிக்கு மருந்து வாங்கப் போக வண்டி இல்லாம நின்னேன். கட்ச்சுல அந்த மாதிரி ஆகக்கூடாது.

சத்துவாச்சாரி எலக்ட்ரீஷியன்:

தம்பி, எங்க மாட்றதுன்னு அப்பால பாக்கலாம், மொதல்ல கரண்ட் எங்கருந்து எடுக்கறதுன்னு முடிவு பண்ணு. சாவி ஆஃப்ல இருந்தாலும் அந்த சார்ஜர் உள்ள இருக்கற சர்க்யூட்டும் அது மேல எரியற நீல லைட்டும் கரண்ட் குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். 20 மில்லி ஆம்பியர்தானே, இது இன்னா பண்ணிடும்னு தோணும், ஆனா 24 மணி நேரத்துக்கு கணக்கு போட்டா கிட்டத்தட்ட அரை ஆம்பியர் அவர், 12 நாளைக்கு ஆறுக்கு பக்கத்துல போயிடும், பைக் பேட்டரி மொத்தமே எட்டு பத்து ஆம்பியர் அவர்தான், அப்புறம் எங்கருந்து செல்ஃப் எடுக்கும்.

நாலு கால் ரிலே ஒண்ணு வாங்கு, அது சின்ன கரண்ட் வந்தா பெரிய கரண்ட்ட தொறந்து விடற சுவிட்ச். 30ம் நம்பர் காலுக்கு பேட்டரி பிளஸ், நடுவுல பேட்டரிய விட்டு ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் கண்டிப்பா இருக்கணும், ஏன்னா ஃபியூஸுக்கு முன்னாடி இருக்கற ஒயர் எங்கயாவது தேஞ்சு ஃபிரேம்ல பட்டா அத காப்பாத்த எதுவும் கெடயாது. 85 எர்த். 86க்கு சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைன், டெயில் லைட் லைன்லருந்து எடுத்துக்கலாம், அது ரிலே காயிலுக்கு மட்டும்தான் போகுது, அதனால வண்டியோட சொந்த ஒயரிங் மேல லோடே ஏறாது. 87லருந்து வர்றதுதான் உன் ஐட்டம் எல்லாத்துக்கும். இப்படி செஞ்சா சாவி எடுத்த உடனே மொத்தமும் செத்துடும்.

லோடு எவ்ளோன்னு பாரு, 20 வாட் லைட் ரெண்டுன்னா 40 வாட், 12 வோல்ட்டுக்கு 3.3 ஆம்பியர், சார்ஜர் 15 வாட் குடுத்தா பேட்டரி பக்கம் ஒண்ணரை ஆம்பியர் இழுக்கும், டிபிஎம்எஸ் கணக்குலயே வராது. மொத்தம் அஞ்சு. மெயின்ல 10 ஆம்பியர் ஃபியூஸ், லைட்டுக்கு தனியா 5, சார்ஜருக்கு தனியா 3. மெயின் ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம் போதும்.

ஜாயிண்ட்டுக்கு இன்சுலேஷன் டேப் மட்டும் சுத்தி விட்றாத, நம்ம வேலூர் வெயிலுக்கு அந்தப் பசை இளகி ஒயர் மேல கருப்பா வழியும், அப்புறம் டேப்பு தானா பிரியும், எவ்ளோ வண்டியில பாத்துட்டேன். சூடு காட்டினா சுருங்கி இறுக்கிக்கற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடு. ஹேண்டிலுக்கு போற ஒயர கழுத்துகிட்ட, அதான் ஹேண்டில் ஃபிரேமோட சேர்ற எடத்துல, இறுக்கி கட்டாத, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பாத்துட்டு, லூசு இருக்கறத உறுதி பண்ணிட்டு அப்புறம் கேபிள் டை போடு.

ஆம்பூர் ரைடர்:

அண்ணன் சொன்ன ஒயரிங் நூத்துக்கு நூறு சரி. நான் போன பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அதுல நஷ்டப்பட்டவன். ஹேண்டில்ல சாதாரண கிளாம்ப்ல மாட்டி பெங்களூருக்கு ஏழெட்டு தடவ போய்ட்டு வந்தேன், ஒரு நாள் பாப்பாவ போட்டோ எடுக்கலாம்னு கேமராவ தொறந்தா படம் தண்ணியில பாக்கற மாதிரி ஆடுது. லென்ஸ் ஆடாம புடிச்சுக்கற ஓஐஎஸ்னு ஒரு சின்ன அமைப்பு உள்ள இருக்கு, அது இன்ஜின் அதிர்வுல போயிடும். 2021 செப்டம்பர்லயே ஆப்பிள் கம்பெனி இத வெளிப்படையா சொல்லிருக்காங்க, பெரிய இன்ஜின் பைக்ல போன மாட்டாதீங்கன்னு. நம்மது சிங்கிள் சிலிண்டர், அதிர்வு பத்தி சொல்லவே வேணாம். அதிர்வ கொறைக்கற ரப்பர் டேம்பர் வச்ச மவுண்ட் வாங்குங்க ப்ரோ, அதுக்கும் மேல பழைய போன் ஒண்ணு வீட்ல கெடந்தா அதுல ஆஃப்லைன் மேப் எறக்கி அத மாட்டிட்டு நல்ல போன பாக்கெட்ல வச்சுக்கங்க.

வெயிலும் இருக்கு. ஐபோனுக்கு அவங்களே 35 டிகிரி வரைக்கும்தான் சொல்றாங்க, நம்ம ஊர்ல சித்திரையில 40 சர்வசாதாரணம். வெயில்ல சார்ஜும் ஏறுது, மேப்பும் ஓடுது, பிரைட்னஸும் ஃபுல்லுன்னா அணைஞ்சே போயிடும். சாயங்காலம் வரைக்கும் சார்ஜ புடுங்கி வைங்க, பின் கவர கழட்டிடுங்க.

காந்தம் வச்ச மவுண்ட் வேணாம், உங்க மீட்டர்லயே காம்பஸ் இருக்கு, அதோட சென்சார் பக்கத்துல காந்தம் வந்தா திசை தப்பா காட்டும்.

கிளாம்ப் உள்ள குடுக்கற ரப்பர் நாளாக நாளாக நசுங்கி போன் தலைய தொங்கப் போடும். எங்க ஊர்ல ஷூவுக்கு வெட்டின மிச்சத் தோல் கெடைக்குமே, ரெண்டு மில்லி கனத்துல ஒரு பட்டை எடுத்து சொரசொரப்பா இருக்கற பக்கம் பைப்ப பாக்கற மாதிரி சுத்தி இறுக்கினேன், ரெண்டு வருஷமா அசையல.

ஆரணி அக்கா:

தம்பி, நீங்க பெட்ரோல் முள்ளு மறையுதான்னு மட்டும் பாக்கறீங்க, உங்க கண்ணு ரோட்ட விட்டு எவ்ளோ கீழ எறங்குதுன்னும் பாருங்க. 80ல போறப்ப ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடுது வண்டி, ரெண்டு செகண்ட் குனிஞ்சு பாத்தீங்கன்னா 44 மீட்டர் ரோட்ட பாக்காமலே போயிட்டீங்க. பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில திடீர்னு குறுக்க மாடு வந்து நிக்கும், எனக்கு நடந்திருக்கு, அன்னைக்கு நான் மேப்ப பாத்துட்டு இருந்தேன், மயிரிழையில தப்பிச்சேன்.

அதனால மீட்டருக்கு மேல, விண்ட்ஷீல்டுக்கு பின்னாடி ஒரு குறுக்கு பைப் போட்டு போன அங்க ஏத்துங்க, நீங்க சொன்ன மூணு பிரச்சனையும் ஒரே அடியா போயிடும். டிபிஎம்எஸ் காத்து கொறஞ்சா அதுவே கத்தும், அத பாத்துக்கிட்டே போக வேண்டியதில்ல, கீழ ஓரமா இருக்கட்டும். லைட் சுவிட்ச் இடது கட்டைவிரலுக்கு எட்டணும், பாக்காமலே கை போகணும்.

காலைல பெங்களூர் பக்கம் போறப்ப சூரியன் முதுகுக்கு பின்னாடி இருக்கும், வெளிச்சம் நேரா ஸ்கிரீன்ல அடிச்சு ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் மெட்ராஸ் பக்கம் வந்தாலும் அதே கததான். ஹெல்மெட்ல இண்டர்காம் போட்டு குரல்ல வழி கேட்டு பழகிக்கங்க, போன் திருப்பத்துல ஒரு தடவ உறுதி பண்றதுக்கு மட்டும்.

காட்பாடி பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து நானே முடிச்சேன். பழைய சார்ஜர கழட்டறதுக்கு முன்னாடி சாவி ஆஃப்ல வச்சு பேட்டரி மைனஸ்ல மீட்டர் போட்டு பாத்தேன், 24 மில்லி ஆம்பியர் காட்டுச்சு, ரிலே போட்டதுக்கு அப்புறம் 2. அத பாத்தப்ப மனசுக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு.

அக்கா சொன்ன மாதிரி மேல குறுக்கு பைப்ல போன், கீழ வலது ஓரமா டிபிஎம்எஸ். நேத்து போளூர் வழியா ஜமுனாமரத்தூர் ஏறி, காவலூர், ஆலங்காயம்னு எறங்கி வாணியம்பாடில ஹைவே புடிச்சு வந்தேன். கொண்டை ஊசி வளைவுல ஹேண்டில் எவ்ளோ திருப்பியும் எதுவும் இடிக்கல. மேட்டு ரோட்டுல மட்டும் போன் லேசா தலை சாயுது, ஆம்பூர் ப்ரோ அந்தத் தோல் பட்டை ஒண்ணு எடுத்து வைங்க, சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்.

சத்துவாச்சாரி எலக்ட்ரீஷியன்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. 3, 5, 10 மூணு ஃபியூஸும் ரெண்டு ரெண்டு சின்ன கவர்ல போட்டு சீட்டுக்கு அடியில வச்சுக்க. ஒரு ஃபியூஸ் திரும்பத் திரும்ப போச்சுன்னா பெரிய ஃபியூஸ் போடாத, எங்கயோ ஒயர் தேயுதுன்னு அர்த்தம், கழுத்துகிட்டதான் மொதல்ல பாரு.