தற்காப்புக் கலை பயில்கிறவர்கள் படித்த புத்தகங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கராத்தே, சென்னை

வகுப்பில் புதிதாகச் சேரும் பையன்களில் யாராவது ஒருவன் மாதம் தவறாமல் கேட்டுவிடுகிறான்: "அண்ணா, கராத்தேக்கு நல்ல புக் ஒண்ணு சொல்லுங்க." நானும் நாலு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அவன் அதைப் படித்தானா, படித்து என்ன ஆனான் என்பது தெரியாது. அதனால் இங்கே பெயரோடு நிறுத்தாமல், அந்தப் புத்தகம் உங்கள் பயிற்சியில் என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். கெட்டது நடந்திருந்தாலும் எழுதுங்கள். நான் கெட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்லூரியில் படித்த காலம். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் நக்கயாமா மசதோஷியின் 'பெஸ்ட் கராத்தே' வரிசையில் ஒரு பாகம் கிடைத்தது. அந்த வரிசை மொத்தம் 11 பாகம். கடைக்காரர் நூற்றைம்பது சொல்ல, பேரம் பேசித் தொண்ணூறுக்கு வாங்கினேன். அசைவை அசைவாக வெட்டி வைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். மாஸ்டர் இன்னும் சொல்லித்தராததை எல்லாம் மொட்டைமாடியில் நானே பழகத் தொடங்கினேன். அதில் ஒன்று மவாஷி கேரி, அதாவது பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் உதை. ஒரு படத்தில் முழங்கால் மேலே. அடுத்த படத்தில் பாதம் இலக்கில். சரி, அவ்வளவுதானே என்று சொரசொரப்பான தளத்தில் வெறுங்காலோடு தினமும் நூறு உதை.

மூன்று மாதத்தில் மாடிப்படி இறங்கும்போது ஊன்று காலின் முட்டி 'டக் டக்' என்றது. வகுப்பில் மாஸ்டர் ஒரே ஒரு உதையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் சாக்பீஸ் எடுத்து வந்தார். என் ஊன்று பாதத்தைச் சுற்றித் தரையில் கோடு வரைந்து, "உதைடா" என்றார். உதைத்தேன். பாதம் கோட்டுக்குள் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. இடுப்பு திரும்பியிருக்கிறது, பாதம் திரும்பவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது முட்டி. "அடிக்கும்போது உன் குதிகால் எதிராளியப் பாக்கணும். பாக்குதா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தால், இரண்டாவது படத்தில் ஊன்று கால் திரும்பித்தான் இருக்கிறது. நூறு தடவையாவது பார்த்த படம். ஆறு வாரம் உதையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த ஆறு வாரத்தில் படித்ததுதான் ஃபுனாகோஷி கிச்சினின் சுயசரிதை, 'கராத்தே-டோ: மை வே ஆஃப் லைஃப்'. எப்படிக் குத்துவது என்று அதில் ஒரு வரி கிடையாது. ஒகினாவாவில் 1868-ல் பிறந்த, சின்ன வயதில் நோஞ்சானாக இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ராத்திரியில் விளக்கை எடுத்துக்கொண்டு குருவின் வீட்டுக்கு நடந்துபோய்ப் பழகிய கதை. மூன்று தெக்கி காத்தாக்களை (காத்தா என்றால் வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு) பழக மட்டும் பத்து வருடம் ஆனதாம். நானோ மூன்று மாதத்தில் மூன்று காத்தாவை முடித்துவிட்டேன் என்று பீற்றிக்கொண்டவன். 1922-ல் தோக்கியோ போனவர் ஒகினாவா மாணவர் விடுதியில் கூட்டிப் பெருக்கிக் காவல் பார்த்துப் பிழைத்திருக்கிறார். எனக்கு மறக்காத இடம் கடைசிப் பகுதியில் வருகிறது. போர் முடிந்த சமயம், கிழவரை ஒருத்தன் வழிமறிக்கிறான். இவர் அவன் விரையை இறுகப் பிடித்துவிடுகிறார். அவன் போர்முனையிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலைந்தவன் என்று அப்புறம் தெரிகிறது. முதலில் கை ஓங்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன நானே இப்படிச் செய்துவிட்டேனே என்று வெட்கப்பட்டு எழுதுகிறார். நம் ஊரில் எந்த கிராண்ட் மாஸ்டராவது இப்படி ஒரு பக்கம் எழுதுவாரா?

சிலம்பம், மதுரை

நம்ம பங்கு ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி. தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 'ஐந்து வளையங்களின் நூல்' சின்னப் புத்தகம்தான். 1643-ல் குமமோட்டோ பக்கம் ரெய்கான்தோ குகையில் எழுதத் தொடங்கி, 1645-ல் சாவதற்குக் கொஞ்சம் முன்னால் முடித்தார். நிலம், நீர், நெருப்பு, காற்று, வெறுமை என்று ஐந்து பகுதி. அமெரிக்காவில் 1980-களில் இதை மேனேஜர்கள் படிக்கிற வியாபாரப் புத்தகமாக்கி விட்டார்கள். இப்போதும் கடையில் அந்த அலமாரியில்தான் தேட வேண்டியிருக்கிறது, கொடுமை.

காற்று என்கிற பகுதியில் மற்ற பள்ளிகளைப் பிரித்து மேய்கிறார். நீள வாளே கதி என்று இருப்பவர்களைப் பற்றி அவர் சொல்வது: தள்ளி நின்றே ஜெயிக்கப் பார்க்கிறார்கள், இடம் குறுகிவிட்டால் அந்த நீளமே அவர்களுக்குச் சுமை. வாள் நீளமாக இருப்பதில் அவருக்குக் குறை இல்லை. அதிலேயே மனதை வைப்பதுதான் குறையாம்.

இதைப் படித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் சாமி முன்னால் கம்பு சுற்றிக்கொண்டு போனோம். மைதானத்தில் நெற்றி மட்டக் கம்பை வைத்துக்கொண்டு நான் ராஜா. ஊர்வலம் குறுக்குச் சந்தில் திரும்பியது. இந்தப் பக்கம் திண்ணை, அந்தப் பக்கம் நிறுத்தி வைத்த பைக்குகள், தலைக்கு மேலே சீரியல் பல்பு. முதல் சுற்றிலேயே கம்பு நுனி ஒயரில் மாட்டி, ஒரு சரம் பல்பு அப்படியே இறங்கியது. என் பின்னால் வந்த வாத்தியாருக்கு அறுபது வயது. கம்பின் நடுவைப் பிடித்து, இரண்டு முனையும் முழங்கைக்கு ஒட்டி வருகிற மாதிரி சின்னச் சின்னதாகச் சுற்றிக்கொண்டு அந்தச் சந்தைக் கடந்து போய்விட்டார். பல்புக்காரருக்கு நானூறு ரூபாய் தண்டம் அழுதேன். முசாஷி எழுதியிருந்தார் வாத்தியாரே என்றேன். "அவரு எழுதினத நீ ஒயர்ல போய்ப் படிச்சியாக்கும்" என்றார்.

முசாஷி பக்கத்துக்குப் பக்கம் "இதை நன்றாக ஆராய வேண்டும்" என்று எழுதுவது முதல் வாசிப்பில் எரிச்சலாக இருக்கும். இப்போது இல்லை.

இன்னொன்று. சாமுராய்கள் பற்றிய 'ஹகாகுரே' படித்துவிட்டு 'சாவே வீரனின் வழி' என்று ஸ்டேட்டஸ் போடுகிற தம்பிகளுக்கு: அதைச் சொன்ன யமமோட்டோ சுனெட்டோமோ சண்டையே இல்லாத காலத்தில் வாழ்ந்தவர். போர்க்களம் பார்த்ததில்லை. தெரிந்துகொண்டு படியுங்கள்.

அய்கிடோ, பெங்களூரு

யூகன் ஹெரிகெல் எழுதிய, ஜப்பானிய வில்வித்தை பற்றிய 'ஜென் இன் தி ஆர்ட் ஆஃப் ஆர்ச்சரி' (ஜெர்மனில் 1948) என் இரண்டு வருடத்தைத் தின்றது. அம்பை நீ விடாதே, 'அது' விடும் என்கிற இடத்தில் நான் சொக்கிப்போனேன். பாயில் நின்றுகொண்டு 'அது' வந்து எதிராளியைத் தூக்கி எறியட்டும் என்று காத்திருப்பேன். எதிராளி என்னைத் தூக்கி எறிவார். நான் இன்னும் பக்குவப்படவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு யமதா ஷோஜி 2001-ல் எழுதிய கட்டுரை கைக்கு வந்தது. ஹெரிகெலுக்கு ஜப்பானிய மொழி போதாது. குரு அவா கென்ஸோ பேசியது மொழிபெயர்ப்பாளர் வழியாகவே அவருக்குப் போனது. அவா இருட்டில் விட்ட முதல் அம்பின் வாலை இரண்டாவது அம்பு பிளந்த புகழ்பெற்ற ராத்திரியில் அந்த மொழிபெயர்ப்பாளரும் கூட இல்லை. அது தற்செயலாக நடந்தது என்று அவாவே தன் சீடரிடம் பின்னால் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. அப்புறம் வகுப்புக்குப் போய், பத்து கிலோ குறைய வேண்டும் என்று சென்செய் (எங்கள் ஆசிரியர்) ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கினேன். இரண்டையும் படியுங்கள், இதே வரிசையில்.

கராத்தே, திருச்சி

நான் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். என் மாணவிகள் கையில் முதலில் கொடுப்பது அடி உதை இல்லாத புத்தகம்: கேவின் டி பெக்கரின் 'தி கிஃப்ட் ஆஃப் ஃபியர்', 1997. தீங்கு செய்ய வருகிறவன் முதலில் எப்படிப் பேச்சுக் கொடுப்பான் என்று அடையாளங்களை எடுத்து வைக்கிறார். கேட்காத உதவியைச் செய்து கடன்படுத்துவது, கேட்காமலே சத்தியம் செய்வது, 'வேண்டாம்' என்றால் காதில் விழாத மாதிரி இருப்பது. இன்னொன்று, சம்பந்தமே இல்லாதவன் தன்னையும் உங்களையும் ஒரே கட்சியாக்கிப் பேசுவது. ஆங்கிலத்தில் இதை விளக்க அவருக்கு ஒரு பத்தி வேண்டியிருக்கிறது. தமிழில் ஒரு சொல் போதும்: 'நாம'.

மத்திய பேருந்து நிலையம், ராத்திரி பத்தரை. கடைசி டவுன் பஸ் போய்விட்டது. கையில் இரண்டு பை. நாற்பது வயதுக்காரர், சட்டை கசங்காத ஆள், வந்து நின்றார். "அடடா, நாமளும் பஸ்ஸ விட்டுட்டமே மேடம்." நான் பேசவில்லை. "நாம ஒரு ஆட்டோ பிடிச்சுப் போயிடலாம், பாதிப் பாதி." வேண்டாங்க என்றேன். "பைய குடுங்க மேடம், நான் ஒண்ணும் தப்பான ஆளு இல்ல" என்று பைக்குக் கை நீட்டினார். நாம, கேட்காத சத்தியம், காதில் விழாத வேண்டாம். மூன்றும் ஒரு நிமிடத்துக்குள். எனக்கு முதுகு சில்லென்றது. இரண்டாம் டான் பெல்ட் வாங்கியிருக்கிறேன், அன்றைக்கு அதில் எதுவும் தேவைப்படவில்லை. "வேண்டாம்னு சொன்னேன்" என்று டீக்கடை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். ஆள் நடந்துவிட்டார். நல்லவராகவே இருந்திருக்கலாம். அதைப் பரிசோதிக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இல்லை என்பதைத்தான் அந்தப் புத்தகத்தில் கற்றேன்.

அடிமுறை, கன்னியாகுமரி மாவட்டம்

எங்க பக்கம் புத்தகம் என்றால் வர்ம ஏடுதான். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று பாட்டாக இருக்கும். அச்சிலும் மலிவாகக் கிடைக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போது அப்படி ஒரு சிறு நூலை வாங்கி, 'இதற்கு நாலு விரல் மேலே' என்று இருந்ததை நம்பித் தம்பியின் தோளில் என் விரலை வைத்து அளந்துகொண்டிருந்தேன். ஆசான் பார்த்துவிட்டார். "லேய், ஆருக்க வெரலு?" என்றார். முழித்தேன். யார் உடம்போ அவர் விரலால்தான் அளக்க வேண்டும், எட்டு வயசுக்காரன் தோளில் உன் விரலை வைத்தால் வேறு எங்கேயோ போய் நிற்கும் என்றார். அது அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று ஆசான் சொல்லவில்லை, ஏட்டை அவரும் மதிக்கிறவர். பாட்டை மனப்பாடம் பண்ணிவிட்டு வா, பொருள் நான் சொல்கிறேன் என்றார்.

ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்கள் பிலிப் சரில்லி களரிப்பயிற்று பற்றி எழுதிய 'வென் தி பாடி பிகம்ஸ் ஆல் ஐஸ்' (1998) பாருங்கள். 1970-களில் திருவனந்தபுரத்துக்கு வந்து களரியில் எண்ணெய் தேய்த்துப் பழகியவர். தலைப்பு மலையாளச் சொலவடை: மெய் கண்ணாக வேண்டும். நமக்கு மொழிபெயர்க்கவே வேண்டாம்.

ஜூடோ, கோயம்புத்தூர்

இவ்வளவு பேசியும் புரூஸ் லீயை யாரும் சொல்லவில்லையே? 'தாவோ ஆஃப் ஜீத் குனே டோ' நல்லதா, வாங்கலாமா?

கராத்தே, சென்னை

வாங்கலாம் தம்பி, ஆனால் அது அவர் எழுதி முடித்த புத்தகம் இல்லை. 1970-ல் முதுகில் அடிபட்டுப் பல மாதம் படுக்கையில் கிடந்தபோது எழுதிக் குவித்த குறிப்புகள்தான் அதில் பெரும்பகுதி. 1973-ல் இறந்துபோனார், மற்றவர்கள் தொகுத்து 1975-ல் வெளியிட்டார்கள். பதினெட்டு வயதில் படித்தபோது துண்டு துண்டாக, தலையும் வாலும் இல்லாமல் இருந்தது. முட்டியில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு கட்டிலில் கிடந்தபோது மறுபடி எடுத்தேன். எழுந்து உதைக்க முடியாத ஒருத்தர், உதையை மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துக் கிறுக்கி வைத்த கோட்டுப் படங்கள் என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் நேரம் போனது. ஊன்று கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன்.