துருக்கிப் பிஸ்டலும் லேத் பட்டறைக் கண்ணும்

கஞ்சிக்கோட்டிலிருந்து, பட்டறைக்காரர்:

இருபது வருடமாக லேத் ஓட்டுகிறவன். டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் தன் பிஸ்டலைக் காட்டினார். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, மேல்பக்கம் நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பரில் விரலை விட்டுக் காலி என்று காட்டிய பிறகுதான் கையில் கொடுத்தார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது.

டிசாஸ் கம்பெனியின் 1911 மாடல். துருக்கியில் கருங்கடல் கரையோரம் டிராப்சோனில் செய்தது. அமெரிக்கப் பெரிய கம்பெனி 1911 விலையில் பாதிகூட இல்லை என்றார். விலை குறைந்தால் எங்கே மிச்சம் பிடித்திருக்கிறான் என்றுதானே நம் கை தேடும்? பிரிக்கச் சொன்னேன்.

ஸ்லைடின் உட்புறத்தில் கட்டர் ஓடிய வரிகள் அப்படியே இருந்தன. அவர் அதைக் குறையாகச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதுவும் உரசாத இடத்தை மினுக்கினால் மிஷின் நேரம்தான் வீண். அந்தக் காசைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். நான் நகத்தை வைத்துப் பார்த்தது இரண்டு இடம்: ஸ்லைடு ஓடும் காடி, தோட்டா சேம்பருக்கு ஏறும் சரிவு. இரண்டிலும் பிசிர் இல்லை. ஸ்லைடில் பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருந்தது. 1911 பட்டாளத்துக்காகப் பிறந்த டிசைன். தூசியும் மண்ணும் பட்டாலும் ஓட வேண்டியது. கொஞ்சம் ஆட்டம் இருந்தால்தான் நல்லது என்பேன்.

சின்னச் சின்ன பாகங்களைத்தான் அங்கே நிறையப் பேர் திட்டுகிறார்கள். உலோகத்தூளைப் பசையோடு அச்சில் ஏற்றி, சூளையில் வேகவைத்து எடுக்கும் முறை. எம்.ஐ.எம். என்பார்கள். அச்சு சேர்ந்த கோடு பார்த்தாலே தெரியும். உலோகத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்த புஷ், அதாவது தண்டைத் தாங்கும் வளையம், பம்பு மோட்டாரில் வருடக்கணக்கில் ஓடுவதைப் பார்த்தவன் நான். தூள் என்பதற்காகக் குறை சொல்ல மாட்டேன், சரியாகச் சுட்டிருக்கிறானா என்பதுதான் கேள்வி. அது கண்ணுக்குத் தெரியாது, தோட்டா போட்டுச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, பட்டாளத்தில் இருந்தவர்:

அண்ணா சொல்வது சரிங்க. நான் சர்வீஸில் பிடித்தது இசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த 9 எம்.எம். 1ஏ பிஸ்டல். அடிப்படையில் அது பிரவுனிங் ஹை பவர், மேகசினில் 13 தோட்டா. பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனி 2018-இல் அந்த மாடலை நிறுத்திவிட்டது. துருக்கியின் கிர்சான் கம்பெனி அதையே எம்.சி. பி35 என்று போடுகிறது. அமெரிக்காவில் தம்பியிடம் இருந்ததைப் பிடித்தபோது உள்ளங்கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. கேனிக் என்ற துருக்கிப் பிஸ்டல் ஒன்றும் வைத்திருக்கிறான், ஜெர்மனியின் வால்தர் பி99 வழியில் வந்தது. விசை அவ்வளவு சுத்தம், இந்த விலையில் எதிர்பார்க்கவில்லை.

அவனிடம் இன்னொன்றும் உண்டு. பெயர் வேண்டாம், அதுவும் துருக்கிதான். சுட்டுப் பழகும் ரேஞ்சில் கடைசித் தோட்டா அடிக்கடி மூக்கை மேலே தூக்கிச் சிக்கிக்கொண்டது. பிஸ்டலே மட்டம் என்று விற்கக் கிளம்பிவிட்டான். மூன்று மேகசினுக்கும் பெயின்டில் எண் போடச் சொன்னேன். சிக்கியதெல்லாம் இரண்டாம் எண்தான். அந்த மேகசினின் வாய் உதடு ஒரு பக்கம் விரிந்திருந்தது. வேறு மேகசின் வாங்கிப் போட்டான், அப்புறம் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

வேலந்தாவளத்திலிருந்து:

ஆசை வரும் தம்பிகளுக்காக ஒரு வார்த்தை. இதெல்லாம் அமெரிக்கக் கதை. இங்கே இந்தியாவில் 9 எம்.எம். தடை செய்யப்பட்ட குழல் அளவு, சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். வரப்பில் பன்றி வருகிறது, துருக்கி பிஸ்டல் மலிவாகத் தருகிறேன் என்று எவனாவது வந்தால், அது கடத்தல் சரக்கு அல்லது அதன் பெயரில் எங்கோ கள்ளத்தனமாக அடித்த போலி. பன்றிக்குப் பிஸ்டலா என்று அவனையே கேளுங்கள்.

மறுபடியும் கஞ்சிக்கோட்டிலிருந்து:

மேகசினுக்கு எண் போடும் யோசனையை டெக்சாஸ்காரருக்கு அனுப்பிவிட்டேன். பதிலுக்கு அவர், குழல் முனையில் வரும் புஷ்ஷை இன்னும் இறுக்கமாக ஒன்று கடைந்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். துப்பாக்கி பாகம் கடையவும் இங்கே லைசென்ஸ் வேண்டும், என்னிடம் இருப்பது பம்பு புஷ் கடையும் லேத் மட்டும்தான் என்று எழுதிவிட்டேன்.