புதுப்பிப்பு: அடியில் அழுகிய ஜாவா ஃபெர்ன் தேறிவிட்டது

மீன்தொட்டி மணலில் நட்ட ஜாவா ஃபெர்ன் அடியிலிருந்து அழுகுகிறது என்று 2 மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. உரம் பலன் தரவில்லை. "கிடைத்தண்டைப் புதைக்காதீர்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரி; இலையும் வேரும் கிளம்பும் அந்தப் படுத்த தண்டை நான் மணலுக்குள் புதைத்திருந்தேன். பிடுங்கிப் பார்த்தால் தண்டில் பாதி கறுத்து, விரலில் நசுங்கியது. கெட்டியான பச்சைப் பகுதி வரை பிளேடால் வெட்டி, துண்டுக்கு 3, 4 இலை இருக்கும்படி பிரித்து, மரக்கட்டையில் பருத்தி நூலால் கட்டினேன். இரண்டு வாரம் அசைவே இல்லை. அப்புறம் சுருண்ட துளிர் வந்தது. இப்போது வேர் கட்டையைப் பிடித்துவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: நோய் என்று நினைத்து வெட்டிய பழுப்புப் புள்ளி இலைகளைச் சோம்பலில் மிதக்கவே விட்டிருந்தேன். அவற்றின் ஓரத்தில் குட்டிச் செடிகள், வேரோடு! கொஞ்சம் வளர்ந்ததும் கிள்ளி அதே கட்டையில் கட்டப்போகிறேன்.