‘உதைக்கோடு’: கல்வளைவுகளுக்கான ஒரு சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

பொறியியலார் ‘லைன் ஆஃப் த்ரஸ்ட்’ என்று வழங்குவதற்கு ‘உந்துகோடு’, ‘அழுத்தக்கோடு’, ‘சங்கிலிக்கோடு’ என்னும் மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. நான்காவதாக ‘உதைக்கோடு’ என்பதை முன்வைக்கிறேன்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். கல்வளைவில் ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கியே நிற்கின்றன. சுண்ணாம்புச் சாந்துக்கு இழுவிசையைத் தாங்கும் வலு அனேகமாக இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கல் அடுத்த கல்லைத் தள்ளும் மொத்த விசை எந்தப் புள்ளி வழியே செல்கிறதோ, அப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் கிடைப்பதே இக்கோடு. அது கல்லின் தடிமனுக்குள் அடங்கும்வரை வளைவு நிற்கும். மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ தொடும் இடத்தில் எதிர்ப்பக்க மூட்டு வாய் பிளந்து, அந்த விளிம்பு ஒரு கீல் போல நடந்துகொள்ளும். மூன்று கீல்கள் உண்டானாலும் வளைவு விழாது. நான்காவதும் உண்டானால் அது நிலைத்த அமைப்பாக இல்லாமல் அசையத் தொடங்கிவிடும். நசுங்கி விழுவதைவிட இவ்வாறு மடிந்து விழுவதே கல்வளைவின் இயல்பு.

‘சங்கிலிக்கோடு’ எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. தொங்கும் கயிற்றைத் தலைகீழாக்கினால் நிற்கும் வளைவின் வடிவம் கிடைக்கும் என்பதை ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டார். அவர் இறந்தபின், 1705இல்தான் அதன் விடை அச்சேறியது. ஆனால் சீரான எடையுள்ள சங்கிலி தொங்கும் வடிவத்திற்குச் ‘சங்கிலி வளைவு’ போன்ற ஒரு பெயர் கணிதத்திற்குத் தனியே வேண்டியிருக்கிறது. ரோமின் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் கண்ட விரிசல்களை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் ஜொவான்னி பொலேனி, குவிமாடத்தின் ஒரு கீற்றை 32 துண்டுகளாகப் பகுத்து, அவற்றின் வெவ்வேறு எடைகளுக்கு ஏற்ற குண்டுகளை நூலில் தொங்கவிட்டு, 1748இல் வெளியிட்ட நூலில் அக்கோட்டைக் காட்டினார். அது கணிதத்தின் சங்கிலி வளைவு அன்று. எடை மாறினால் கோடும் மாறும் என்பதே அங்கே முதன்மையான செய்தி.

‘அழுத்தக்கோடு’ வானிலை வரைபடத்தின் சமஅழுத்தக் கோட்டோடு குழம்பும். ‘உந்து’ என்னும் வேர் நகர்ச்சியைச் சுட்டுவது. பள்ளிப் பாடநூல்களில் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். ஈழத்தில் உந்துருளி என்றால் மோட்டார் சைக்கிள். அசையாமல் நூற்றாண்டுகள் நிற்கும் ஒன்றுக்கு அந்த வேர் பொருந்தவில்லை.

‘உதை’ என்றால் அடி உதை நினைவுக்கு வருமே, அது ஒரு கணத்தில் முடியும் செயலாயிற்றே என்று கேட்கலாம். ஆனால் சாயும் சுவருக்குக் கொடுக்கும் முட்டுக்கு உதைகால் என்றும், சுவரைத் தாங்கக் கட்டும் சாய்வுக் கட்டுக்கு உதைசுவர் என்றும் தமிழில் ஏற்கெனவே பெயருண்டு. நின்ற நிலையிலேயே எதிர்த்துத் தள்ளுவது என்னும் பொருள், கட்டடத் தொழிலோடு ஒட்டியே, இவ்வேரில் இருக்கிறது. வளைவின் உதையை உதைசுவர் வாங்குகிறது என்று எழுதும்போது விளக்கமே தேவைப்படவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒற்று மிகுமா என்பதும் முக்கியமே. உதைகால் வினைத்தொகை, உதைக்கும் கால். இங்கோ கோடு உதைப்பதில்லை, உதை செல்லும் வழியைக் காட்டுகிறது. ஆகவே உதையினது கோடு என்று வேற்றுமைத் தொகையாகக் கொண்டு ‘உதைக்கோடு’ என ஒற்று மிகுத்து எழுதுவதே சரியென்று கருதுகிறேன்.

சொல்லை ஒரு பத்தியில் ஓட்டிப் பார்த்தேன். வேல்ஸில் 140 அடி அகல ஒற்றை வளைவாகப் பாண்டிப்பிரித் பாலத்தை வில்லியம் எட்வர்ட்ஸ் 1756இல் கட்டி முடித்தார். அங்கே அவர் முன்னர் கட்டிய ஒரு வளைவில் தோள்களின் (உச்சிக்கும் அடிக்கும் இடைப்பட்ட பக்கப் பகுதிகளின்) மேலிருந்த நிரப்பு மிகக் கனமாகவும் உச்சி மிக இலேசாகவும் இருந்தமையால், உதைக்கோடு தோள்களில் மேல் விளிம்புக்கு ஏறி, உச்சியில் கீழ் விளிம்புக்கு இறங்கியது. உச்சி மேல்நோக்கிப் பிதுங்கிப் பாலம் விழுந்தது. அடுத்த முறை ஒவ்வொரு தோளிலும் மூன்று உருளைத் துளைகளை விட்டு எடையைக் குறைத்தார். உதைக்கோடு கல்லுக்குள் திரும்பியது. பாலம் இன்றும் நிற்கிறது. எடையைக் குறைத்ததால் வலுப்பெற்ற கட்டு என்னும் வியப்பை இச்சொல் தடையின்றிச் சொல்லிவிடுகிறது.

பன்மையும் தேவை. ஒரே வளைவுக்குள் பல உதைக்கோடுகள் இயலும். கல்லுக்கு இழுவலு இல்லை, அது நசுங்காது, மூட்டுகள் வழுக்கா என்னும் மூன்று எடுகோள்களின் மேல், அவற்றுள் ஒன்றேனும் தடிமனுக்குள் அடங்கினால் வளைவு நிற்கும் என்று பொறியியலாளர் ஜாக் ஹேமன் 1966இல் நிறுவினார். எனவே வரையறையில் ‘இயலும் கோடுகளுள் ஒன்று’ என்னும் தொடர் விடுபடக் கூடாது.

‘கீல்’ இருக்கட்டும், கதவில் உள்ளதுதான் இங்கும். நான்கு கீல்கள் உண்டாகி வளைவு அசையும் நிலையைக் குறிக்கும் ‘மெக்கானிசம்’ என்பதற்குப் ‘பொறிமுறை’ என்று எழுதுவதை மட்டும் நான் ஏற்கவில்லை, ஏனெனில் இடிந்து விழும் வளைவில் பொறி ஏதுமில்லை. ‘கீலசைவு’ பொருந்துமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.