சொந்தமா டாரன்ட் கிளையன்ட் எழுதினவங்க எங்கே மாட்டினீங்க? அனுபவத்தைச் சொல்லுங்க

பதிவைத் தொடங்கியவர்
ரெண்டு மாசமா ராத்திரி உட்கார்ந்து பைத்தான்ல ஒரு பிட்டாரன்ட் கிளையன்ட் (கோப்பைப் பல கணினிகள்கிட்டேர்ந்து துண்டு துண்டா இறக்குற மென்பொருள்) எழுதினேன். சோதனைக்கு டெபியன் லினக்ஸோட ஐஎஸ்ஓ கோப்பு. இறங்குச்சு, ஆனா ஒரு பியர்கிட்டேர்ந்து (கோப்பைப் பகிர்ற இன்னொரு கணினி) நொடிக்கு 80 கேபி தாண்டவே இல்ல. ஒரு பிளாக் (கோப்போட ஒரு சின்னத் துண்டு) கேட்டு, அது வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கிற மாதிரி எழுதியிருந்தேன். பிளாக் 16 கேபி, போய் வர 200 மில்லிசெகண்ட். நொடிக்கு அஞ்சு பிளாக், அவ்வளவுதான் வரும்.

பிளாக்கைப் பெருசாக்கினா சரியாயிடும்னு 32 கேபி கேட்டேன். அன்சோக் ('இப்போ கேட்கலாம்'ங்கிற அனுமதி) வரும், முதல் ரிக்வெஸ்ட் போகும், உடனே இணைப்பு அறுந்துடும். எல்லாப் பியர்கிட்டயும் இதே கதை. நெட்வொர்க்ல போறதைக் காட்டுற வயர்ஷார்க்கைத் திறந்து அந்த 17 பைட் ரிக்வெஸ்ட் மெசேஜையே ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்தேன். கேட்கிற அளவைச் சொல்ற கடைசி நாலு பைட் 00 00 80 00, அதாவது 32 கேபி. அது 16 கேபிக்கான 00 00 40 00-ஆ இருந்திருக்கணும். 16 கேபிக்கு மேல கேட்டா இணைப்பை மூடிடுவாங்கன்னு, பிட்டாரன்ட் விதிகளைச் சொல்ற பிஇபி ஆவணங்கள்ல பிஇபி 3-லயே எழுதியிருக்கு. நான்தான் அதைக் கடைசியில படிச்சேன்.

பதில் 1
பிளாக்கைத் தொடாதீங்க நண்பா, வரிசையை நீளமாக்குங்க, அதாவது பதிலுக்குக் காத்திருக்காம பல ரிக்வெஸ்டை அடுத்தடுத்து அனுப்புங்க. ஆனா அதுக்கும் அளவு உண்டு. நான் ஒரே பியருக்கு 500 ரிக்வெஸ்ட் அனுப்பினேன். பாதி பிளாக் வந்துச்சு, மீதிக்குச் சத்தமே இல்ல. பிஇபி 10 ஹேண்ட்ஷேக்ல (இணைப்பு தொடங்கும்போது ரெண்டு பக்கமும் பரிமாறுற மெசேஜ்) ஆர்-ஈ-க்யூ-க்யூன்னு ஒரு எண் வரும். கைவிடாம எத்தனை ரிக்வெஸ்டைத் தாங்குவேன்னு அந்தப் பக்கம் சொல்ற எண் அது. லிப்டாரன்ட்ங்கிற பிட்டாரன்ட் லைப்ரரியில இயல்பா 250-ன்னு பிஇபி 10 சொல்லுது. உங்க 200 மில்லிசெகண்டுக்கே நொடிக்கு 20 எம்பி வரைக்கும் அது போதும். இப்பல்லாம் அந்த எண்ணைப் பார்த்துட்டுத்தான் கேட்கிறேன்.

பதில் 2
எனக்குச் சோக்தான் ('இப்போதைக்குத் தரமாட்டேன்'ங்கிற மெசேஜ்) வில்லன். பழைய முறையில சோக் வந்தா, காத்திருக்கிற ரிக்வெஸ்ட் எல்லாம் செத்துப்போச்சுன்னு அர்த்தம். எனக்கு அது தெரியல. வராத பிளாக்கை எல்லாம் வரும்வரும்னு கணக்குல வச்சிருந்ததால வரிசை நிரம்பி 97 சதவீதத்துல நின்னுடும். சரி, சோக் வந்ததும் பட்டியலைத் துடைச்சேன். நல்லா ஓடுச்சு.

அப்புறம் பிஇபி 6, அதாவது ஃபாஸ்ட் எக்ஸ்டென்ஷன் சேர்த்தேன். திரும்பவும் இணைப்பு அறுபட ஆரம்பிச்சுது, இந்தத் தடவை அறுத்தது என் பக்கமே! அதுல சோக் வந்தாலும் ரிக்வெஸ்ட் சாகாது. ஒவ்வொண்ணுக்கும் பிளாக்கோ, தரமுடியாதுங்கிற ரிஜெக்டோ கண்டிப்பா வரும். நான் பட்டியலைத் துடைச்சுட்டதால, வந்த பிளாக்கைக் கேட்காத பிளாக்னு நினைச்சு என் கோடு கதவைச் சாத்திடுச்சு. கேட்காதது வந்தா மூடணும்கிறதும் அதே ஆவணத்துல இருக்கிற விதிதான். மூணு நாள் போச்சு. ரெண்டு பக்கமும் ஹேண்ட்ஷேக்ல, ஃபாஸ்ட் எக்ஸ்டென்ஷன் தெரியும்னு சொல்ற பிட்டை வச்சிருந்தா ஒரு வழி, இல்லேன்னா பழைய வழின்னு தனித்தனியா பிரிச்சு எழுதின பிறகுதான் நிம்மதி.

பதில் 3
பிட்டாரன்ட் வெர்ஷன் 2 பக்கமும் ஒரு எட்டுப் பாருங்க. துண்டு சரியா வந்துச்சான்னு பார்க்கிற ஷா-1 ஹேஷ் உடைஞ்சதை 2017-ல காட்டினாங்க இல்லையா, பிஇபி 52-ல ஷா-256 தான். ரெண்டு வெர்ஷனுக்கும் பொதுவான ஹைப்ரிட் டாரன்டை என் பழைய கோடுல இறக்கினேன். கோப்பு சரியாத்தான் வந்துச்சு, பக்கத்துல பேட்னு ஒரு ஃபோல்டர், உள்ளே எல்லாம் வெறும் பூஜ்யம். வைரஸோன்னு பயந்துட்டேன். ஒவ்வொரு கோப்பும் புது பீஸ்ல (பல பிளாக் சேர்ந்த பெரிய துண்டு) தொடங்கணும்னு இடைவெளியை நிரப்புற கோப்புகளாம் அது.

பதிவைத் தொடங்கியவர்
பதில் 2, நான் பட்டியலைத் துடைக்கவும் இல்ல, ஃபாஸ்ட் பிட்டும் வைக்கல. இப்பவே போய்ப் பார்க்கிறேன்.