வானொலியில் ‘ரீச்’: வீச்சு வேண்டாம், நேயர்தொகை என்போம்

வணக்கம்.

ஹெட்போனுக்குத் தமிழில் என்ன சொல் என்று நம் கலைச்சொல் குழுவில் தொடங்கிய பேச்சு சமுதாய வானொலியின் நேயர் கணக்கு வரை வந்துவிட்டது. இரண்டையும் தனித்தனி இழையாகப் பிரித்துவிடலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பிரிக்க வேண்டாம் என்பேன். வானொலியை மக்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று தெரியாமல், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணப் புகுந்தால் கணக்கு பிழையாகும். அந்தப் பிழை சொல்லிலும் ஏறிக்கொள்ளும்.

ஒரு நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கை ஆங்கிலத்தில் ‘ரீச்’ என்பார்கள். அதற்கு வீச்சு என்று குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். சின்னச் சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனாலும் வானொலித் துறைக்குள் அதை இந்தப் பொருளில் கொண்டுவரக் கூடாது என்பதே என் கருத்து. முதலில், அந்த இடம் காலியாக இல்லை. இயற்பியலில் வீச்சு என்றால் அலை நடுநிலையிலிருந்து உச்சம் வரை எழும் அளவு, ஏ.எம். ஒலிபரப்பையே வீச்சுப் பண்பேற்றம் என்றுதான் படித்திருக்கிறோம். ஒரு நிலையத்துக்கான கையேட்டில் தொழில்நுட்ப அத்தியாயத்தில் வீச்சு ஒரு பொருளிலும், நேயர் ஆய்வு அத்தியாயத்தில் வேறொரு பொருளிலும் வந்தால் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் என்ன செய்வார்?

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. ‘எங்கள் நிலையத்தின் வீச்சு பதினைந்து கிலோமீட்டர்’ என்று பேச்சில் சொல்கிறோம். அது அலை போய்ச் சேரும் பரப்பு. டிரான்ஸ்மிட்டரின் திறன், ஆன்டெனாவின் உயரம், நடுவில் நிற்கும் குன்றும் கட்டடமும் அதைத் தீர்மானிக்கின்றன. அந்தப் பரப்புக்குள் வாழ்பவர்களில் எத்தனை பேர் உண்மையில் கேட்கிறார்கள் என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘எங்கள் வீச்சில் ஐம்பதாயிரம் பேர்’ என்ற வரியை எழுதுபவர் ஒன்றை நினைப்பார், படிப்பவர் வேறொன்றை எடுத்துக்கொள்வார். அலை எட்டும் ஐம்பதாயிரம் பேரும் நேயர்களாகிவிடுவார்கள். பரப்பைக் குறிக்க ‘ஒலிபரப்பு எல்லை’ இருக்கிறது. அதில் மாற்ற எதுவும் இல்லை.

அப்படியானால் கேட்கும் மனிதர்களுக்கு? ‘எட்டுகை’ என்று ஒருவர் சொன்னார். வினையடியாக எட்டு நல்ல சொல்தான், ஆனால் ‘எட்டு நேயர்’ என்று தொடராக்கும்போது எண்ணோடு மோதுகிறது. அறிக்கையின் அட்டவணையில் ‘எட்டு நேயர் 400’ என்று வந்தால் கண் ஒரு கணம் தடுமாறும். ‘சென்றடைவு’ சரியான பொருள் தருகிறது, ஆனால் சென்றடைவது எது? ஒலியா, செய்தியா, நிலையத்தின் பேரா? ஆளைச் சுட்டும் எதுவும் அந்தச் சொல்லில் இல்லை.

நான் முன்வைப்பது நேயர்தொகை. மக்கள்தொகை என்ற சொல் எல்லோர் நாவிலும் இருக்கிறது. ஒருவரை ஒரு முறைதான் எண்ண வேண்டும் என்ற விதி அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஆளை இரண்டு வீட்டில் எண்ணிவிட்டால் மக்கள்தொகைக் கணக்கு தவறு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘ரீச்’ என்றும், அமெரிக்க வழக்கில் ‘கியூம்’ என்றும் சொல்லப்படுவது துல்லியமாக இதுதான்: ஒரு வாரம் போன்ற குறித்த காலத்துக்குள் நிலையத்தைக் கேட்ட வெவ்வேறு ஆட்களின் எண்ணிக்கை. ஒருவர் தினமும் மூன்று முறை கேட்டாலும் அவர் ஒருவரே.

‘நேயர் எண்ணிக்கை’ போதாதா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. இப்போது, இந்த நொடியில் கேட்டுக்கொண்டிருப்பவர்களும் நேயர் எண்ணிக்கைதான். வாரம் முழுக்க வந்து போனவர்களும் நேயர் எண்ணிக்கைதான். இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. முதலாவதைக் கால்மணிக் கணக்கில் பார்ப்பது துறையின் வழக்கம்: பதினைந்து நிமிடத் துண்டு ஒன்றில் குறைந்தது ஐந்து நிமிடம் கேட்டவரை அந்தத் துண்டுக்கான நேயராகக் கொண்டு, எல்லாத் துண்டுகளுக்கும் சராசரி எடுப்பார்கள். அதற்கு ‘கால்மணி நேயர்’ என்ற சொல் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் செலவிட்ட நேரம் ‘கேட்பு நேரம்’.

மூன்றும் தனித்தனியாக ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. வாரத்துக்கு 100 மணி நேரம் ஒலிபரப்பும் இரண்டு நிலையங்கள். முதலாவதை 1,000 பேர் கேட்கிறார்கள், ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம். இரண்டாவதை 200 பேர், ஆளுக்கு ஐந்து மணி நேரம். இரண்டிலும் மொத்தக் கேட்பு 1,000 மணி நேரம். எந்தக் கணத்திலும் சராசரியாகப் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சராசரியை மட்டும் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முதல் நிலையம் தடுப்பூசி முகாம் பற்றி ஒரு வாரம் விடாமல் அறிவித்தால் ஆயிரம் பேரில் பெரும்பங்கினருக்குச் செய்தி போகும். இரண்டாம் நிலையம் பன்னிரண்டு பகுதிகளாக ஒரு பாடத் தொடரை நடத்தினால் அதைத் தொடர்ந்து கேட்டு முடிக்க ஆட்கள் இருப்பார்கள். சமுதாய வானொலிக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. ‘நேயர் எண்ணிக்கை’ என்ற பொதுச் சொல்லில் அது கரைந்து போகிறது.

‘ஷேர்’ என்பதற்குப் பங்கு போதும், ஆனால் வெறும் பங்கு என்று விடாமல் ‘கேட்புப் பங்கு’ என்று வைப்போம். மக்கள் வானொலிக்குச் செலவிடும் மொத்த நேரத்தில் இந்த நிலையத்துக்குக் கிடைத்த விழுக்காடு அது. வானொலியையே தொடாதவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. நேயர்தொகையை விழுக்காடாகச் சொல்லும்போது அவர்களும் வருகிறார்கள். இரண்டு விழுக்காட்டையும் அருகருகே எழுதிக் குழப்பும் அறிக்கைகள் ஏராளம்.

நேயர் என்ற சொல்லைப் பற்றியே ஓர் ஐயம் எழுந்தது. நேயர் என்றால் நேசமுள்ளவர். போகிற போக்கில் காதில் விழுந்தவரையும் நேயர் என்பதா, கேட்போர் என்பதே சரியில்லையா என்று. மிக நல்ல கேள்வி. அளவீட்டு வரலாறு முழுக்க இந்த முரண் ஓடுகிறது. 1930-இல் அமெரிக்காவில் ஆய்வாளர் ஆர்ச்சிபால்ட் கிராஸ்லி தொலைபேசியில் அழைத்து, முன்தினம் எதைக் கேட்டீர்கள் என்று நினைவைக் கேட்டார். அதற்குப் போட்டியாக வந்த ஹூப்பர் ஆய்வு, மணி அடித்த அந்த நேரத்தில் எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டது. 1942-இல் நீல்சன் நிறுவனம் வணிகச் சேவையாகத் தொடங்கிய ஆடிமீட்டர் மனிதரைக் கேட்கவே இல்லை. வானொலிப் பெட்டி எந்த நிலையத்தில் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்று பதிவு செய்தது. பெட்டி ஓடியது, அறையில் ஆள் இருந்தாரா என்பது அதற்குத் தெரியாது. பிரிட்டனில் 1992-இல் அமைந்த ரஜார் என்ற வானொலி நேயர் அளவீட்டு அமைப்பு நாட்குறிப்பு முறையை எடுத்துக்கொண்டது: கேட்டவரே எழுதித் தர வேண்டும். அப்புறம், ஒலிக்குள் காதுக்குப் புலப்படாமல் பொதிந்த குறியீட்டைப் பிடிக்கும் சிறு கருவியை ஆட்களே உடம்பில் அணிந்து திரியும் முறை வந்தது.

நாட்குறிப்பில் பிடித்த நிலையத்தின் பெயர் எளிதில் நினைவுக்கு வரும், கடையில் ஐந்து நிமிடம் காதில் விழுந்தது மறந்து போகும். அணிகருவி அந்த ஐந்து நிமிடத்தையும் எழுதிக்கொள்ளும். ஆக, நாட்குறிப்பு நேசத்தின் பக்கம் சாய்கிறது, கருவி ஒலியின் பக்கம் சாய்கிறது. இருந்தாலும் சொல்லை இரண்டாக உடைக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன். நேயர் விருப்பம் என்று ஒலிபரப்பிப் பல தலைமுறைக்குப் பழகிய சொல் இது. அளவீட்டு விதியில் ‘குறைந்தது ஐந்து நிமிடம்’ என்ற வாசல்படி இருக்கும்வரை அதைத் தாண்டியவரை நேயர் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. எந்த முறையில் எண்ணினோம் என்பதை அறிக்கை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஹெட்போனுக்கு வருகிறேன். முன்மொழிந்தவற்றில் ‘செவிப்பொறி’ எனக்கு ஒப்பவில்லை. ஐம்பொறியில் ஒன்று செவி. எனவே செவிப்பொறி என்றால் காதையே குறிக்கும். ‘காதொலிப்பான்’ பொருள் விளங்கும் சொல், பாடநூலுக்கு ஏற்கலாம். நடைமுறைக் கையேட்டில் ஹெட்போன் என்றே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. அதைவிட, வகைகளுக்குச் சொல் வைப்பதுதான் அவசரம். வெளிப்பக்கம் அடைக்கப்படாத ‘ஓப்பன் பேக்’ வகையைத் ‘திறந்த முதுகு’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது; காதை மூடும் பகுதிக்குக் கிண்ணம் என்று பெயர் வைத்தால் ‘திறந்த கிண்ணம்’, ‘மூடிய கிண்ணம்’ என்று பார்த்ததும் புரியும். ஒலிபரப்புக் கூடத்தில் மைக்குக்கு முன் அமர்பவருக்கு மூடிய கிண்ணம்தான் வேண்டும், இல்லையென்றால் ஹெட்போனில் வரும் ஒலி கசிந்து மைக்கில் நுழையும். வீட்டில் நீண்ட நேரம் கேட்பவருக்குத் திறந்த கிண்ணம் காதைச் சூடாக்காது.

தொலைதூர நிலையங்களைத் தேடிக் கேட்பவருக்கான குறிப்பில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். பேச்சைப் புரிந்துகொள்ளத் தேவையானது ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். எஃப்.எம். 15,000 ஹெர்ட்ஸ் வரை அனுப்பும். சிற்றலையில் மேல் ஒலிகளில் வருவது பெரும்பாலும் இரைச்சல்தான். அதனால் இசைக்கென்று வாங்கிய உயர்தர ஹெட்போன் அங்கே இரைச்சலைத்தான் நேர்த்தியாகத் தரும். கையடக்க வானொலிக்கு மின்மறுப்பு 32 ஓம் அளவிலுள்ள ஹெட்போன் பொருந்தும். 250 அல்லது 600 ஓம் உள்ளதைச் செருகினால் சத்தம் போதாமல் போகலாம். மின்கலம் இல்லாத பழைய படிகப் பெட்டிக்கு (கிரிஸ்டல் ரேடியோ) இது தலைகீழ்: 2,000 ஓம், அதற்கு மேலும் வேண்டும். அப்புறம், பல சிறு எஃப்.எம். பெட்டிகளிலும் கைபேசிகளிலும் ஹெட்போன் கம்பியே ஆன்டெனா. அங்கே ஹெட்போன் கழன்றால் நிலையமும் போய்விடும்.

நேயர்தொகைக்கும் ஹெட்போனுக்கும் உள்ள உறவு இங்கேதான். ஒலிபெருக்கியில் ஓடும் ஒரு பெட்டியைச் சுற்றி ஐந்து பேர் இருக்கலாம். ஹெட்போன் மாட்டியவர் ஒருவரே. நான் சொன்ன அணிகருவி காற்றில் வரும் ஒலியைக் கேட்டுத்தான் பதியும். ஹெட்போனுக்குள் அடங்கிய ஒலி அதற்கு எட்டாது, அதற்கென்று தனி இணைப்பான் செருக வேண்டியிருந்தது. ஆகவே இரு விதத்துக்கும் சொல் வேண்டும்: தனிக்கேட்பு, கூட்டுக்கேட்பு. ‘கேள்வி’ என்ற பழஞ்சொல் இதற்கு அழகாகப் பொருந்தியிருக்கும், ஆனால் இன்று அது வினாவுக்கே உரியதாகிவிட்டது. படிகப் பெட்டிக் காலத்தில் ஹெட்போனை ஒரு பாத்திரத்துக்குள் போட்டு, எழும் சத்தத்தைக் குடும்பமே சுற்றி அமர்ந்து கேட்டதுண்டு. ஆகவே கருவியை வைத்து வகை பிரிக்கக் கூடாது, எத்தனை காது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும்.

இணைய ஒலிபரப்பில் இது இன்னும் கூர்மையாகிறது. சேவையகத்தின் பதிவில் தெரிவது இணைப்புகள். வலை அறுந்து மீண்டும் சேர்ந்தவர் இரண்டு இணைப்பு. ஒரே முகவரிக்குப் பின்னால் பல கைபேசிகள் இருக்கலாம். ஒரு கடையின் ஒலிபெருக்கி ஓர் இணைப்பு. இந்த எண்ணை நேயர்தொகை என்று எழுதவே கூடாது. ‘இணைப்புத்தொகை’ என்று தனியாகவே எழுதுவோம். நிலையத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் அப்படியே: ஆர்வமுள்ள சிலர் திரும்பத் திரும்ப அழைப்பார்கள், அமைதியாகக் கேட்பவர் அழைக்கவே மாட்டார். அது நேயர் மறுமொழி, வேறு கணக்கு.

சிறு நிலையம் நூறு பேரிடம் கேட்டு, எட்டுப் பேர் கேட்பதாகச் சொன்னால் ‘நேயர்தொகை 8 விழுக்காடு’ என்று எழுதும் ஆசை வரும். ஆட்களைச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்திருந்தாலும், 95 விழுக்காட்டு நம்பிக்கையில் உண்மை அளவு 4-இலிருந்து 15 வரை எங்கும் இருக்கலாம். 400 பேரிடம் கேட்டால் பிழை அதிகபட்சம் ஐந்து விழுக்காட்டுப் புள்ளி அளவுக்குச் சுருங்கும். நிலையத்தின் விழாவுக்கு வந்தவர்களிடமே கேட்டால் எத்தனை பேரிடம் கேட்டும் பயனில்லை. ஆகவே சொல்லோடு வரையறையும் போக வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

கலைச்சொல் பதிவுக்கு என் வரைவு இது: ‘நேயர்தொகை — ஒலிபரப்பு எல்லைக்குள் வாழ்பவர்களில், குறித்த காலத்துக்குள் ஒரு நிலையத்தைத் தொடர்ந்து குறைந்தது ஐந்து நிமிடம் கேட்ட வெவ்வேறு ஆட்களின் எண்ணிக்கை, காலமும் எண்ணிய முறையும் உடன் குறிப்பிடப்பட வேண்டும்.’ இணையத்தில் மட்டும் கேட்பவர்களில் பலர் எல்லைக்கு வெளியே இருக்கலாம். அவர்களை இதே சொல்லுக்குள் சேர்ப்பதா, ‘வெளிநேயர்’ என்று தனித்து வைப்பதா என்பதில் எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. நிலையம் நடத்தும் நண்பர்கள் இதில் தங்கள் கருத்தை எழுதுங்கள்.